சா கூமி என்பது பத்து மணி அல்ல

கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார்த் தீவின் தென்கிழக்குக் கரையில் ஜம்பியானி என்றொரு நீண்ட மீனவர் ஊர் இருக்கிறது. 2025 பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஜூலை கடைசி வரை அங்கே ஒரு சிறிய விடுதியின் கணக்குகளைக் கணினிக்கு மாற்றித் தரும் ஒப்பந்த வேலையில் இருந்தேன். கிளம்புவதற்கு முன்பு அனுமதிச் சீட்டு, தடுப்பூசி, ஷில்லிங்கின் மாற்று மதிப்பு, 2024 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுப் பயணிகள் கட்டாயம் எடுக்க வேண்டிய 44 டாலர் காப்பீடு என்று வாரக்கணக்கில் விசாரித்து வைத்திருந்தேன். அவற்றில் எதிலுமே எனக்குச் சிக்கல் வரவில்லை. கைபேசி, மருத்துவம், விமானச் சீட்டு, தான்சானியாவின் பெருநகரான டார் எஸ் சலாமில் ஒரு இரவுத் தங்கல் என்று ஏறத்தாழ 65,000 ரூபாயையும், காலை ஊன்றி நடக்க முடியாத மூன்று வாரத்தையும் நான் இழந்தது வேறு இரண்டு காரியங்களால். அந்த ஊர்க் கடல் எப்போது வரும் என்பதும், அந்த ஊர்க்காரர்கள் மணியை எப்படிச் சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நடந்தது விளங்கும்.

நான் குமரி மாவட்டத்துக்காரி. கடல் எனக்குப் புதிதல்ல என்ற நினைப்புடன்தான் போனேன், அந்த நினைப்புதான் முதல் தவறு. நம் ஊர்க் கரையில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இராது. அலை சற்று முன்னே வரும், சற்றுப் பின்னே போகும், அவ்வளவுதான். ஜம்பியானியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் நான்கு மீட்டர் வரை போகிறது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தில் பவளப்பாறைத் தொடர் கடலுக்கு ஒரு மதில் போல ஓடுகிறது. அதற்கு உள்ளே இருக்கும் ஆழமற்ற களப்பு, நீர் வற்றும்போது ஏறக்குறைய முழுவதும் தரையாகிவிடும். முதல் நாள் காலை ஏழு மணிக்கு வாசலைத் திறந்தபோது இளநீலமாகத் தளும்பிக்கொண்டிருந்த கடல், பத்து மணிக்குத் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து பார்த்தபோது அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் மணல் மேடுகளும், குட்டைகளும், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த படகுகளும், சைக்கிளை மிதித்துக்கொண்டு கடலின் நடுவே போகும் ஒரு பையனும் இருந்தார்கள்.

வற்றிய கடல்தான் அந்த ஊரின் முற்றம். பாறை நோக்கிப் பெண்கள் குச்சியோடு கணவாய் பிடிக்கப் போவார்கள். கணவாய் என்று நான் சொல்வது எட்டுக் கால் உள்ள பேய்க்கணவாயை. அங்கே அதற்கு ப்வேசா என்று பெயர், தேங்காய்ப் பாலில் வைக்கும் குழம்பு அவ்வளவு சுவை. வேறு சில பெண்கள் இடுப்பளவு நீரில் முளை அடித்துக் கயிறு கட்டி அதில் கடற்பாசி வளர்க்கிறார்கள். 1980களின் கடைசியில் வணிகப் பயிராகத் தொடங்கிய இந்தப் பாசி வளர்ப்பு இன்று பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருக்கிறது. உலர்த்திய பாசி ஏற்றுமதியாகி, உணவையும் பற்பசையையும் கெட்டிப்படுத்தும் பொருளாக மாறுகிறது. கரையை ஒட்டிய சேற்றில் தேங்காய் மட்டைகளைப் புதைத்து, மேலே கல் வைத்து, மாதக்கணக்கில் ஊறவிட்டுப் பிறகு தோண்டி அடித்து நார் எடுக்கிறார்கள். கதம்பை அழுகும் அந்த வாடை மூக்கில் ஏறியபோது, நாகர்கோவிலை விட்டுக் கடல் தாண்டி வந்திருக்கிறோம் என்பதே எனக்கு நம்பமுடியாமல் போனது. சந்தையில் முஹோகோ என்று அடுக்கியிருந்தது நம் மரச்சீனிக் கிழங்கு. ம்சிச்சா என்று கட்டுக்கட்டாக வைத்திருந்தது நம் கீரை. பணத்துக்குப் பெசா, காப்பீட்டுக்குப் பீமா. இத்தனை பழகிய வாடையும் சொல்லும் ஒரே இடத்தில் இருந்தால் மனிதனுக்கு அசட்டுத் துணிச்சல் வந்துவிடுகிறது.

விடுதியில் எல்லோரும் என்னிடம் ஆங்கிலம் பேசியதால் மூன்று வாரமாக எனக்கு எண்கள் மட்டுமே அந்த ஊர் மொழியான சுவாஹிலியில் தெரியும். மோஜா, ம்பிலி, டாட்டு என்று ஒன்று முதல் பத்து வரை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை, அமாவாசை முடிந்த மறுநாள், எனக்கு விடுமுறை. காலை ஒன்பது மணிக்குப் பாறை வரை நடந்து பார்க்கலாம் என்று இறங்கியபோது, ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்து, படகு தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம் நீர் எத்தனை மணிக்கு நிரம்பும் என்று தட்டுத்தடுமாறிக் கேட்டேன். அவன் சா கூமி என்றான். சா என்றால் மணி, கூமி என்றால் பத்து. இரவு பத்துக்கு நிரம்புமென்றால் மாலை நான்குக்கு மேல்தான் ஏறத் தொடங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, ரப்பர் செருப்போடு, தோளில் துணிப்பையோடு, பையில் கைபேசியோடு நடந்தேன்.

அந்தப் பையன் சொன்னது முழு உண்மை. சுவாஹிலிக் கணக்கில் நாள் நம் கடிகாரத்தின் ஆறு மணியிலிருந்து தொடங்குகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஆறு, ஆறரைக்கு உதித்து அதே போல மறைகிறது. ஆகையால் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, எட்டு மணி இரண்டு மணி, நண்பகல் ஆறு மணி. சூரியன் மறைந்த பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கூமி என்றால் மாலை நான்கு. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பாட்டன்களுக்கு இதில் புதிதாக எதுவும் தோன்றியிராது; கைக்கடிகாரத்தோடு பிறந்த எனக்குத்தான் தலை சுற்றியது. மாலை நான்குக்கு நிரம்ப வேண்டிய கடல் காலை பத்தேகாலிலிருந்தே திரும்பத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் நான் பாறை விளிம்பில் உட்கார்ந்து, ஒரு குட்டைக்குள் சிவப்பு நட்சத்திர மீன் நகர்வதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நீர் ஏறும் விதம் ஏமாற்றக்கூடியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைத்தான் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று பிறகு பல இரவு நினைத்தேன். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் நீர் ஏறுவதே கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் மொத்த உயர்வில் பாதி ஏறிவிடும். அதைவிட முக்கியமானது, நீர் நம் முகத்துக்கு எதிரே அலையாக வருவதில்லை. பாறைத் தொடரில் ஆங்காங்கே உள்ள இடைவெளிகளின் வழியாக உள்ளே புகுந்து, பாறையைவிடத் தாழ்வாக இருக்கும் களப்பின் நடுப்பகுதியை முதலில் நிரப்புகிறது. பாறைமேல் நிற்பவரின் காலடி உலர்ந்தே இருக்கும். முதுகுக்குப் பின்னால் கரைக்குப் போகும் வழி ஆறாகிவிட்டிருக்கும். பதினொன்றரை மணிக்குத் திரும்பிப் பார்த்தபோது பாசித் தோட்டத்துப் பெண்கள் ஒருவர்கூட இல்லை, வரும்போது கணுக்கால் நனைத்துக் கடந்த பள்ளம் அகலமாக மின்னிக்கொண்டிருந்தது. அப்போதும் நான் பயப்படவில்லை. இரவு பத்துக்கு நிரம்ப வேண்டிய நீர் இப்போதே எங்கிருந்து வந்தது என்று, கணக்குப் பதிவில் பிழை தேடுபவள் போல நின்று யோசித்தேன். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பள்ளத்தில் இறங்கியதும் நீர் தொடை, இடுப்பு, மார்பு என்று நாலைந்து அடிகளில் ஏறியது. ஆழத்தைவிட, பக்கவாட்டில் இழுத்த ஓட்டம்தான் என்னைச் சாய்த்தது. செருப்பு ஒன்று கழன்று போனது. சமாளித்து ஊன்றிய வலது கால் நேராகக் கடல் முள்ளெலிக் கூட்டத்தின் மேல் விழுந்தது. கறுப்பு நிறத்தில், ஒரு சாண் நீள ஊசிகளோடு, பாறை இடுக்கு முழுவதும் கும்பலாக இருக்கும் பிராணி அது. குதிகாலில் யாரோ காய்ச்சிய கம்பியை வைத்து அழுத்தியது போல இருந்தது. கத்தினேனா என்பது நினைவில்லை, ஆனால் கரையில் இருந்த பெண்கள் கத்தியது கேட்டது. சற்று நேரத்தில் இரண்டு பக்கமும் மிதவைக் கட்டை கட்டிய ங்கலாவா என்ற சிறு படகில் ஒரு முதியவர் நீண்ட கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்து, என் தோளைப் பற்றி மிதவைக் கட்டையைப் பிடிக்கச் செய்து, போலே, போலே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். போலே என்றால் உன் துன்பத்துக்கு வருந்துகிறேன் என்று பொருளாம். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அழுகை வந்திராது.

கரையில் பாசி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னைத் தென்னை நிழலில் உட்காரவைத்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஊரே அவரை மாமா என்றுதான் அழைக்கும். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. அவர் என்னை டாடா என்று கூப்பிட்டார், அதற்கு அக்கா என்று பொருள். அந்த வலியிலும் எனக்குள் ஒரு மூலை இதற்குச் சிரித்தது. குதிகாலில் கறுப்புப் புள்ளிகள் இருபத்தேழு இருந்தன. நான் விரல் நகத்தால் ஒன்றைப் பிடுங்கப் பார்த்தபோது மாமா என் கையைத் தட்டிவிட்டார். அந்த முள் நொறுங்கும் தன்மை உடையது; பிடுங்கினால் பாதி உள்ளேயே முறிந்து நிற்கும். ஒரு சிறுமி பறித்து வந்த பப்பாளிக் காயைக் கத்தியால் கீறி, வழிந்த வெள்ளைப் பாலை ஒவ்வொரு புள்ளியின் மேலும் சொட்டுச் சொட்டாக விட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்துக் காலை அமிழ்த்தி, பிறகு தன் தோளில் இருந்த காங்காத் துணியைக் கிழிக்காமல் அப்படியே சுற்றிக் கட்டினார். பாசி வாடையும் உப்பும் ஏறிக் கரடுதட்டிய அவருடைய விரல்கள் அத்தனை மென்மையாக வேலை செய்தன. வெந்நீர் வலியைக் குறைக்கும் என்பதை மறுநாள் மருத்துவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் காய்ச்சல் வந்த பிறகும் பப்பாளிப் பாலை நம்பி வீட்டில் கிடக்காதீர்கள். நான் ஒன்றரை நாள் தாமதித்ததால்தான் இரண்டு முள் சீழ் பிடித்து, கீறி எடுக்க வேண்டியதாயிற்று. மருந்தோடு சேர்த்து 1,40,000 ஷில்லிங், நம் பணத்தில் 4,700 ரூபாய் அளவுக்கு ஆனது. ரசீது கேட்டு வாங்கவில்லை. ஆகவே காப்பீடு என்று கட்டிய 44 டாலரைப் பற்றி வாய் திறக்கவே எனக்கு வழியில்லாமல் போனது. எந்தச் செலவுக்கும் முத்திரையிட்ட ரசீதை அந்த இடத்திலேயே வாங்கிவிடுங்கள்.

காலைவிட என்னை அதிகம் வாட்டியது கைபேசிதான். 23,000 ரூபாய்க் கருவி துணிப்பையோடு கடலில் போனதை விடுங்கள். அதற்குள் இருந்த என் இந்திய எண்ணும் போய்விட்டது. வங்கியில் எதைத் தொட்டாலும் கடவு எண் அந்த எண்ணுக்குத்தான் வரும். புதிய சிம் வாங்க நான் நேரில் ஊரில் இருக்க வேண்டும் என்றார்கள். ஏறத்தாழ ஐந்து வாரம் என் சொந்தப் பணத்தை நானே எடுக்க முடியாமல், விடுதியில் சம்பள முன்பணம் கேட்டு நின்றேன். தான்சானிய எண்ணில் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் இருந்த பணம் மட்டும், கைரேகை வைத்துப் பதிவு செய்திருந்ததால், கடவுச்சீட்டைக் காட்டியதும் அரை மணி நேரத்தில் திரும்பக் கிடைத்தது. வெளிநாடு போகிறவர்கள் ஊர் எண்ணைப் பழைய கருவி ஒன்றில் போட்டு அறையிலேயே பூட்டி வைப்பது நல்லது. கடலுக்கு இறங்கும்போது கையில் கொண்டு போக வேண்டியது கனமான அடிப்பாகம் உள்ள, கணுக்காலோடு இறுகும் காலணி மட்டுமே. நொடியில் கழலும் ரப்பர் செருப்பு வெறுங்காலைவிட மோசம்.

மார்ச் தொடக்கத்தில் ரமலானும் தொடங்கியது. பகலில் ஊர் அடங்கிக் கிடக்க, நான் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு மூன்று வாரம் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மூன்று வாரத்தில்தான் கடலின் கணக்கு எனக்குப் பிடிபட்டது, பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த நம்மவர்களுக்கு அது மிகச் சுலபம். அந்தக் கரையில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் காலை பத்து மணி அளவில் கடல் வற்றும், மாலை நான்கு மணி அளவில் நிரம்பும். ஒவ்வொரு நாளும் இது ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே அட்டமியை ஒட்டிய நாட்களில் கணக்கு தலைகீழாகி, காலை பத்துக்கு நீர் நிறைந்தும் மாலை நான்குக்கு வற்றியும் இருக்கும். அந்த நாட்களில் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. பெரு வற்று நாட்களை அவர்கள் பம்வுவா என்கிறார்கள், அட்டமி நாட்களின் சோம்பிய நீருக்குச் செத்த நீர் என்று பெயர். மார்ச்சையும் செப்டம்பரையும் ஒட்டிய பம்வுவாதான் ஆண்டிலேயே பெரியது. நான் போய் நின்றது அப்படிப்பட்ட ஒரு நாளில். சரியான நேரத்துக்கு, கடல் ஏறி வற்றும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையைப் பாருங்கள், ஆனால் அதைவிட நம்பகமான ஒன்று உண்டு. பாசித் தோட்டத்துப் பெண்கள் இறங்கும்போது இறங்கி, அவர்கள் கூடையைத் தலையில் ஏற்றியதும் கூடவே திரும்பிவிட வேண்டும். தனியாகப் போனால் வற்றின் உச்சத்துக்கு அரை மணி முன்பே முகத்தைக் கரைப் பக்கம் திருப்பிவிடுங்கள். பாறை அதிக அழகாக இருக்கும் நேரம் அதற்குப் பிறகுதான் என்பது எனக்கும் தெரியும்.

இவ்வளவு படித்த பிறகு மணி விஷயத்தில் நான் தேறியிருக்க வேண்டும். தேறினேன் என்று நினைத்துக்கொண்டதுதான் அடுத்த செலவு. ஜூலை கடைசியில் ஊர் திரும்ப, சான்சிபார் துறைமுகத்திலிருந்து பகல் 12.30 படகில் டார் எஸ் சலாம் போய், அன்று மாலை வளைகுடா வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் விமானத்தைப் பிடிக்க வேண்டும். படகு இரண்டு மணி நேரம். ஜம்பியானியிலிருந்து துறைமுகத்துக்குக் காரில் ஒன்றேகால் மணி நேரம். காலை ஒன்பதரைக்கு வரும்படி ஓட்டுநரிடம் முறையான சுவாஹிலியில், சா டாட்டு ந நூசு, அதாவது மூன்றரை மணி என்று பெருமையோடு சொன்னேன். அவர் தலையாட்டினார். ஒன்பதரை, பத்து, பத்தரை ஆகியும் வண்டியைக் காணவில்லை. ஒருவழியாகத் தொலைபேசியில் கிடைத்தபோது அவர் தீவின் வட முனையில் வேறு பயணியோடு இருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் சுவாஹிலி எண்ணைச் சொன்னால் தங்கள் கடிகாரத்தைத்தான் சொல்வார்கள் என்பது அவருடைய பல ஆண்டு அனுபவம். ஆகவே என் மூன்றரையை அவர் எனக்காகவே மாலை மூன்றரை என்று மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார். நான் அவருக்காக மாறினேன், அவர் எனக்காக மாறினார், இருவரும் ஆறு மணி நேர வித்தியாசத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டோம். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அசுபுஹி, அதாவது காலை, என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் மூன்றரைக்கு வேறு பொருளே இருந்திராது. காலைக்கு அசுபுஹி, மாலைக்கு ஜியோனி, இரவுக்கு உசிகு. இந்த மூன்றையும் எண்ணுக்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். அதோடு கடிகாரத்தையோ கைபேசித் திரையையோ காட்டி உறுதி செய்துகொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. படகு, விமானம், வங்கி ஆகியவற்றின் அச்சடித்த நேரமெல்லாம் நம் வழக்கமான கடிகார நேரம்தான்; வாயால் சொல்லப்படும் நேரத்தில்தான் குழப்பம்.

வேறொரு வண்டி பிடித்து 12.40க்குத் துறைமுகம் சேர்ந்தேன். படகுச் சீட்டை மாலைப் படகுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், விமானச் சீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. புதிய சீட்டு 34,000 ரூபாய், டார் எஸ் சலாமில் அறை 3,300. ஜூலையில் கூசி என்ற தென்காற்று பலமாக வீசும். மாலைப் படகு ஏறி இறங்கிய வேகத்தில் ஊழியர்கள் வாந்திப் பைகளை விநியோகித்துக்கொண்டே நடந்தார்கள். படகின் பின்பகுதியில், நடுவில் உட்கார்ந்தால் குலுக்கல் குறைவு என்பதை ஒரு பாட்டி தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். மரியாதைக்கு ஷிகாமூ என்று பெரியவர்களுக்குரிய வணக்கம் சொன்னேன். அவர் மராஹபா என்று ஏற்றுக்கொண்டு, என் பைக்குள் ஒரு ஆரஞ்சுப் பழத்தைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனார். விமானத்தை விட்டுவிட்டு முப்பத்துநான்காயிரத்தை நினைத்துக் குமைந்துகொண்டிருந்த அந்த மாலையில், உரித்துத் தின்ன எனக்கு ஒரு பொருள் கிடைத்தது.

மாமாவின் காங்காத் துணியைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அது இப்போது நாகர்கோவிலில் என் மேசை விரிப்பாக இருக்கிறது. செப்டம்பரில் ஒரு நாள் காலையில் குதிகாலில் ஏதோ நெருடுவது போலிருந்தது. விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தால், மருத்துவர் கீறியும் வெளிவராத ஒரு முள்துண்டு, நொறுங்கிய மிளகின் அளவில், தோலைத் தள்ளிக்கொண்டு தானாகவே வெளியே வந்திருந்தது. படம் எடுத்து மாமாவின் மகளுக்கு அனுப்பினேன். மாமா குரல் செய்தியில் இரண்டே சொல் சொல்லியிருந்தார்: போலே, டாடா.